ரைட்டருக்கு எல்லார் கையெழுத்தும் தெரியும்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, செட்டிநாட்டுப் பகுதியில் காவல் ஆய்வாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள இரண்டு நிலையங்களிலும் ஆட்கள் சோர்ந்துபோயிருப்பது கண்கூடாகத் தெரிகிறது. நன்றாக வேலை பார்த்த இரண்டு ஏட்டுகள், ஆயுதப்படைக்கே திரும்பப் போகிறோம் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். ஒரு கருத்தாய்வு நடத்திப் பார்க்கலாம் என்று, ஏஐ செயலி ஒன்றில் 'காவலர்களின் மன உறுதியை அறிய 40 கேள்விகள் தயாரித்துக் கொடு' என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டது. அதைக் கூகுள் ஃபார்மில் ஏற்றி, அக்டோபர் 26-ஆம் தேதி நிலைய வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 62 பேரும் அன்றைக்கே நிரப்பிவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாருமே எல்லாக் கேள்விக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்'. கருத்து எழுதும் இடத்தில் 'ஐயா புண்ணியத்தில் நல்லா ஓடுது' என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பதில்களை ஏஐயிடமே கொடுத்துச் சுருக்கம் கேட்டேன். பணியாளர்களின் மனநிலை மிகச் சிறப்பாக இருப்பதாக அறிக்கை வந்தது. எனக்கே இதில் நம்பிக்கை இல்லை. மென்பொருள் துறையில் இருக்கும் உறவுக்காரப் பையன், 'ஆட்களிடம் கேட்கவே வேண்டாம், ஏஐயையே 200 காவலர்களாகப் பேசவைத்துப் பதில் வாங்கிவிடலாம்' என்கிறான். கேள்வித்தாளை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள ஆய்வாளருக்கு,

வணக்கம். மேலே அனுப்பினால் பாராட்டு வாங்கித் தரக்கூடிய ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்கே நம்பிக்கை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள்மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்களிடம் மனநிலையைக் கேட்டு எழுதுவதே என் தொழில். காவல் நிலையத்தில் அதே வேலையைச் செய்வது இன்னும் ஒரு மடங்கு கடினம்.

நீங்கள் அனுப்பிய 40 கேள்விகளையும் படித்தேன். முதல் கேள்வியே வழியை அடைத்துவிட்டது. 'உங்கள் மன உறுதி எந்த அளவில் உள்ளது?' மொரால் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியும் மன உறுதி என்றுதான் சொல்லும். இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் தமிழில் மன உறுதி என்றால் நெஞ்சுரம், துணிவு. சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடலில் காளைகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கிற காவலரிடம் போய் 'உங்களுக்கு மன உறுதி எப்படி?' என்று கேட்டால், 'பயமாக இருக்கிறதா?' என்றுதான் அவர் காதில் விழும். யாராவது 'குறைவு' என்று டிக் அடிப்பார்களா? நானே அந்தச் சீருடையில் இருந்தாலும் அடிக்கமாட்டேன்.

நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. அதற்கு நம் ஆட்களிடம் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. 'மனசு விட்டுப்போச்சு' என்பார்கள். 'வெறுத்துப்போச்சு', 'ஏதோ ஓடுது', 'என்னத்துக்கு இந்த வேலைன்னு இருக்கு' என்பார்கள். துணிச்சலுக்குக் கொஞ்சமும் குறைவில்லாத ஆளுக்கும் மனசு விட்டுப்போகும். ஆயுதப்படைக்குத் திரும்பக் கேட்கும் உங்கள் இரண்டு ஏட்டுகளும் பயந்தா கேட்கிறார்கள்?

மற்ற கேள்விகளிலும் இதே கோளாறுதான். 'கடந்த மாதத்தில் எத்தனை முறை எரிந்துபோனதாக உணர்ந்தீர்கள்?' என்று ஒன்று. இது கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1981-ல் வெளியிட்ட புகழ்பெற்ற அளவுகோலின் சாயல். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வேலையால் வற்றிப்போன நிலையைக் குறிக்கும். தமிழில் எரிந்துபோவது என்றால் வீடு எரியும், வயிறு எரியும். ஆள் வேலையால் எரிவதில்லை. 'என் மேலாளர் எனக்கு ஆதரவாக இருக்கிறார்' என்று இன்னொன்று. நிலையத்தில் மேலாளர் யார்? எஸ்.ஐ.யா, நீங்களா, டி.எஸ்.பி.யா, அன்றாடம் டியூட்டி போடுகிற ரைட்டரா? 'என் ஊதியமும் பணிச்சூழலும் திருப்தி அளிக்கின்றன' என்பதில் இரண்டு கேள்வி இருக்கிறது. சம்பளம் சரி, சூழல் சரியில்லை என்கிற ஆள் எதை டிக் அடிப்பது?

அப்புறம் அந்த ஐந்து படி விடைகள். 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் அறிமுகப்படுத்திய முறை அது, இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் தெரிந்த ஒரு பலவீனம் உண்டு. மேலிடத்திலிருந்து வரும் எந்த வாக்கியத்துக்கும் 'ஆமாம்' போட்டுவிடுகிற பழக்கம் மனிதர்களுக்கு இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே முதல் பாடமாகக் கவாத்து மைதானத்தில் கற்ற ஆட்களிடம் அது இன்னும் கூடும். போதாததற்கு, காவல் நிலையத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற சொல்லுக்கு இருக்கும் கனமே தனி. அந்தச் சொல்லை உங்கள் ஆட்களின் கையில் விடையாகக் கொடுக்காதீர்கள்.

சரி, கேள்விகளைத் திருத்திவிட்டால் போதுமா? போதாது. அந்த 40 கேள்விகளையும் தமிழ் நன்றாகத் தெரிந்த அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் உங்களுக்கு இதே பதில்தான் வந்திருக்கும். ஃபார்ம் வந்த வழியைப் பாருங்கள். ஆய்வாளர் கைப்பேசியிலிருந்து, ரோல் கால் என்கிற தினசரி ஆஜர் அணிவகுப்புச் செய்தியும் டியூட்டி மாற்றமும் வருகிற அதே வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முதல் பக்கத்தில் வயது, பாலினம், பதவி, பணிக்காலம், நிலையம் என்று ஐந்து விவரம் கேட்டது. இயந்திரம் எந்தக் கருத்தாய்வுக்கும் இதைத் தானாகச் சேர்த்துவிடும். ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்கும்போது அதில் தவறில்லை. 62 பேரில், 'பெண், தலைமைக் காவலர், 41 முதல் 45 வயது, இன்ன நிலையம்' என்றால் அது ஒரே ஒருவர். பெயர் வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தீர்கள். கீழே பெயரைத் தவிர எல்லாம் வாங்கிவிட்டீர்கள்.

உங்கள் நிலையங்களில் எஸ்.பி. தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் இருப்பார். நிலையத்தில் நடப்பதை மேலே சொல்வது அவர் வேலை. அவர்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தன் பேச்சு மேலே போகும் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு காவலரும் அன்றாடம் வாய் திறக்கிறார். அந்த வாழ்க்கையில் ஒரு ஃபார்ம் வந்து 'மனம் திறந்து சொல்லுங்கள்' என்றால், எது பத்திரம் என்று அவருக்குத் தெரியும். ஒரு மெமோ, 3(பி) சார்ஜ் என்கிற துறைரீதியான ஒழுங்கு நடவடிக்கை, பதவி உயர்வில் இரண்டு ஆண்டு தாமதம் என்று கண்ணால் பார்த்தவர் அவர்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நூற்பாலை ஒன்றில் கருத்தாய்வு நடத்தினேன். கேள்விகள் நானே எழுதியவை, நல்ல தமிழில், நான்கு முறை சோதித்தவை. எத்தனை தாள் திரும்பி வந்தது என்று எண்ணுவதற்கு வசதியாக ஒவ்வொரு தாளின் மூலையிலும் சின்னதாக ஒரு வரிசை எண் போட்டிருந்தேன். எல்லாரும் எல்லாம் நன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். முடிந்து கிளம்பும்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி அம்மா என்னிடம் கேட்டார்: 'நம்பர் போட்டிருக்கே தாயி, அப்புறம் எப்படி எழுதுறது?' மூன்று மாத வேலை அந்த மூலை எண்ணில் போய்விட்டது. அவர்களுக்கு நான் செய்த தீங்கு அதைவிடப் பெரியது. இனி யாராவது நல்லெண்ணத்தோடு வந்து கேட்டாலும் அவர்கள் நம்பமாட்டார்கள் அல்லவா?

அதனால் ஃபார்ம் வேண்டாம். தாளில் அச்சடியுங்கள். எண் வேண்டாம், நிலையத்தின் பெயர் வேண்டாம், வயது வேண்டாம். ஆணா பெண்ணா என்பதைக்கூட, பெண் காவலர்கள் எண்ணிக்கை பத்துக்கு மேல் இருந்தால் மட்டும் கேளுங்கள். பத்துக்குக் குறைவான எந்தக் குழுவையும் தனியாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நான் எனக்கே வைத்திருக்கும் விதியை உங்களுக்கும் சொல்கிறேன். தாளைக் கொடுப்பதும் வாங்குவதும் நிலையத்துக்கு வெளியே நடக்கட்டும், காக்கி போடாத கைகளால் நடக்கட்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டக் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதியோடு, கருத்தாய்வு தெரிந்த ஓர் ஆசிரியரை அணுகுங்கள். அந்த அனுமதியிலேயே ஒரு வரி இருக்க வேண்டும்: தனித்தனித் தாள்கள் காவல்துறையில் யாரிடமும் தரப்படமாட்டா, கூட்டுத்தொகை மட்டுமே தரப்படும். அந்த வரியை ரோல் காலில் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

எழுதும் கேள்விகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். காரணம், நிலையத்தில் ரைட்டருக்கு எல்லார் கையெழுத்தும் தெரியும். பாரா புத்தகம் என்கிற காவல்முறைப் பதிவேட்டிலும் பொது நாட்குறிப்பிலும் தினம் பார்க்கிற கையெழுத்துகள். இது ஒவ்வொரு காவலருக்கும் தெரியும். அதனால் எழுத வேண்டிய பதிலை வெளியாள் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும், பெயரையும் இடத்தையும் அடையாளம் காட்டும் சம்பவத்தையும் நீக்கிவிட்டுத் தட்டச்சு செய்யட்டும். அதன்பிறகே உங்கள் கைக்கு வர வேண்டும்.

நீங்கள் கேட்ட நாளையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவு நாள், 27 காளையார்கோவில் குருபூஜை, 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை. நம் மாவட்டத்தில் காலுக்கு ஓய்வு இல்லாத வாரம் அது. 26-ஆம் தேதி உங்கள் ஆட்கள் அந்த ஃபார்மை எங்கே நின்றுகொண்டு நிரப்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 40 கேள்விக்கும் ஒரே வரிசையில் கட்டைவிரலை இறக்கியிருப்பார்கள். தை மாதமும் அப்படித்தான்: மஞ்சுவிரட்டு, அதோடு ஒட்டிக் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் போகிற பாதயாத்திரை. திருவிழாவும் குருபூஜையும் இல்லாத, சுமாராகத் தூங்கி எழுந்த இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கார்த்திகையின் பிற்பாதி ஒத்துவரும் என்று நினைக்கிறேன். உங்கள் பந்தோபஸ்து நாட்காட்டியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி, எதைக் கேட்பது? உணர்வைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். 'வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை இருக்கிறதா?' என்ற கேள்விக்கு யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. 'போன நான்கு வாரத்தில் முழுதாக எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது?' என்பதற்கு 0, 1, 2, 3, 4 என்று பதில் உண்டு. தமிழ்நாட்டில் 2021-லேயே இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்துவிட்டது. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது குறை சொல்வதாகாது, கணக்குச் சொல்வதுதான். ஓய்வு நாளில் எத்தனை முறை திரும்பக் கூப்பிட்டார்கள்? நாளைக்கு என்ன டியூட்டி என்பது இன்றைக்கு எத்தனை மணிக்குத் தெரியும்? பந்தோபஸ்தில் சாப்பாடு எத்தனை மணிக்கு வந்தது, உட்கார்ந்து சாப்பிட்டீர்களா, நின்றுகொண்டா? பெண் காவலர்களிடம்: நின்ற இடத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்களா? கோர்ட் டியூட்டிக்குப் போய்வந்த செலவில் கைக்காசு எவ்வளவு? பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைந்த தெருக்களில் இரவு ரோந்து போய்ப் பட்டா புத்தகம் என்கிற ரோந்துக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுகிறார்களே, அதில் தனி ஆளாகப் போகிறீர்களா, இரண்டு பேராகவா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்த இயந்திரமும் தானாகக் கேட்காது. செட்டிநாட்டுத் தெருவில் இரவு இரண்டு மணிக்கு நடந்தவருக்குத்தான் அது தோன்றும். ஆகவே கேள்வித்தாளை எழுதத் தொடங்கும் முன், ஓய்வுபெற்ற ஏட்டையா இரண்டு மூன்று பேரோடு ஒரு மாலை உட்காருங்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, பேசுவார்கள்.

டொனால்ட் மெக்ரியரி, மேகன் தாம்சன் என்ற கனடிய ஆய்வாளர்கள் காவலர்களுக்கென்றே 2006-ல் இரண்டு அளவுகோல்களை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள். ஒன்று களத்தில் வரும் அழுத்தத்தைப் பற்றியது: ஷிப்ட், ஆபத்து, இரவில் தனியாக வேலை. இன்னொன்று துறைக்குள்ளிருந்தே வரும் அழுத்தத்தைப் பற்றியது: பாரபட்சம், தாள் வேலை, மேலதிகாரிகளின் போக்கு, ஆள் பற்றாக்குறை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்த இரண்டாவது வகைதான் காவலர்களை உள்ளுக்குள் அதிகம் அரிக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இது உங்களுக்கு நல்ல செய்தி. ரவுடியையும் திருவிழாக் கூட்டத்தையும் உங்களால் குறைக்க முடியாது. டியூட்டி சார்ட்டை உங்களால் மாற்ற முடியும்.

இந்தியாவிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும், சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் கருத்தாய்வுப் பிரிவான லோக்நீதியும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கைக்காக, 21 மாநிலங்களில் 12,000 பேருக்குக் கொஞ்சம் குறைவான காவலர்களிடம் கேட்டார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 14 மணி நேரம் வேலை என்றும், இரண்டில் ஒருவருக்கு வார ஓய்வே கிடைப்பதில்லை என்றும் அதில்தான் வந்தது. கேட்டவர்கள் துறைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். மணிக்கணக்கையும் நாள்கணக்கையும் கேட்டார்கள். காவலர்களின் வீட்டாரிடமும் கேட்டார்கள். வீட்டாரிடம் கேட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்காது.

எங்கள் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையன் என்கிற கடைநிலை வேலையில் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊருக்கு வந்தால் முதலாளி வீட்டுக்குப் போவார்களாம். முகப்பில் முதலாளி ஐந்தொகையை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கைப் பார்ப்பார். ஏஜெண்டு எழுதிய கணக்கு அது, காலணா பிசகாது. வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டில் முதலாளி வீட்டு ஆச்சி இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே பையன்களிடம் கேட்பாராம்: 'அங்கே ராத்திரி என்னப்பா சாப்பாடு? எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீக? உடம்புக்கு முடியலைன்னா யாரு பார்ப்பா?' அந்தக் கடையின் நிலவரம் முழுக்க ஆச்சிக்குத்தான் தெரியும் என்று தாத்தா சொல்வார். நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அதை எத்தனையோ முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உறவுக்காரப் பையன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். இயந்திரத்தை 200 காவலர்களாகப் பேசவைப்பது இப்போது பல இடங்களில் முயன்று பார்க்கப்படுகிறது. கேள்வித்தாளில் ஓட்டை இருக்கிறதா என்று ஒத்திகை பார்க்க உதவும். அந்தப் பதில்களை உங்கள் ஆட்களின் பதிலாக ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். அந்த இயந்திரம் மனிதர்கள் எழுதிவைத்ததைப் படித்துப் பேசக் கற்றது. தமிழ்நாட்டுக் காவலர் எங்கே எழுதிவைத்திருக்கிறார்? 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அவர் அனுமதியில்லாமல் சங்கத்தில் சேர முடியாது, தன் பணிக் குறையைப் பத்திரிகைக்கு எழுத முடியாது. அவருடைய வார்த்தை எழுத்தில் ஏறவே இல்லை. ஏறாததை இயந்திரம் எங்கிருந்து படித்திருக்கும்? சினிமாவில் பார்த்த போலீசையும், வெளிநாட்டுக் கட்டுரைகளில் வரும் காவலரையும் கலந்து ஒரு நடுத்தரமான பதிலைத்தான் தரும். இப்படிச் செய்து பார்த்த ஆய்வுகளில், இயந்திரப் பதில்கள் நிஜ மனிதர்களின் பதில்களைவிட ஒன்றையொன்று அதிகம் ஒத்திருப்பதும் தெரியவந்திருக்கிறது. உங்களுக்கோ ஒத்துப்போகாத அந்த ஐந்தாறு பேர்தான் முக்கியம். கத்தாமல் ஒதுங்கி நிற்பவர்கள் அவர்கள்தான்.

சங்கமும் இல்லை, பத்திரிகையும் இல்லை என்னும்போது, ஒரு கருத்தாய்வுத் தாள் அவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சில வாசல்களில் ஒன்று. அதை வீணாக்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

பதில்களை ஏஐ சுருக்கியதில் நடந்த பிழையும் அதே வகை. 'ஐயா புண்ணியத்தில் நல்லா ஓடுது' என்பதை இயந்திரம் நன்றி என்று எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அதைக் கேட்கும் எவருக்கும், பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறார் என்று புரியும். 'ஏதோ ஓடுதுங்க' என்றால் சரியில்லை என்று பொருள். 'பரவாயில்லைங்க' என்பதைச் சொல்லும் குரலைப் பொறுத்து மூன்று பொருள் உண்டு. சுருக்கத்தை நீங்களே படித்துச் செய்யுங்கள். 62 பேரின் பதிலைப் படிக்க ஒரு மாலை போதும். இன்னொன்று, ஆட்களின் பதில்களைப் பொதுவில் கிடைக்கும் செயலியில் இனிமேல் ஏற்றாதீர்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தான் சொன்னது எங்கோ ஒரு கணினியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு காவலருக்குத் தெரிந்தால் அடுத்த முறை அவர் தாளையே தொடமாட்டார்.

ஏஐயை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏட்டையாக்களோடு பேசி நீங்கள் எழுதிய 15 கேள்விகளை அதனிடம் கொடுத்து, 'இதில் எந்தக் கேள்வியில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது? எது பதிலை முன்கூட்டியே திணிக்கிறது?' என்று கேளுங்கள். நன்றாகவே கண்டுபிடித்துச் சொல்லும். விடைகளை எப்படி வரிசைப்படுத்துவது, எண்களை எப்படி அட்டவணையாக்குவது என்பதிலும் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். முதல் கேள்வியை அது எழுத வேண்டாம், கடைசி முடிவை அது சொல்ல வேண்டாம்.

உங்கள் தாளில் 37-ஆவதாக வந்த கேள்வியைப் பார்த்து எனக்கு மனசு பதறியது. 'கடந்த இரண்டு வாரத்தில் உயிரோடு இருப்பதைவிட இறந்துவிடலாம் என்று தோன்றியதா?' மருத்துவர்கள் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகளில் ஒன்பதாவது இது. மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற கேள்வி. ஒருவர் 'ஆமாம்' என்று டிக் அடித்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பெயரில்லாத தாளில் வந்தால் அவரைத் தேடிப் போக முடியாது. பெயரைக் கண்டுபிடித்தால் கொடுத்த வாக்கு போச்சு. கையில் ஆயுதம் இருக்கும் வேலை இது. கேட்டுவிட்டுக் கைவிடுவதைவிடக் கேட்காமல் வழிகாட்டுவது மேல். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, தாளின் மேல்பகுதியில் டெலி மானஸ் எண் 14416 என்று பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு காவல்துறையும் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் பயிற்சி பெற்றவர்கள் உங்கள் மாவட்டத்தில் யார் யார் என்று கேட்டு, அவர்களில் ஒருவரை நிலையத்துக்கு வரவழையுங்கள். இதற்குக் கருத்தாய்வு முடியக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். ஆயுதப்படைக்குக் கேட்ட அந்த இரண்டு ஏட்டுகளோடும் தனியாகப் பேசுங்கள், உங்கள் அறையில் வேண்டாம், எங்காவது ஒரு டீக்கடையில். மனுவைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்று கேளுங்கள்.

அந்த 62 பேரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்கு ரோல் காலில், 'நான் அனுப்பிய ஃபார்ம் சரியான முறையில் கேட்கப்படவில்லை, அதில் வந்த பதில்களை அழித்துவிட்டேன், யாருக்கும் அனுப்பவில்லை' என்று சொல்லுங்கள். சொல்லும் முன் உண்மையிலேயே அழித்துவிடுங்கள், செயலியில் ஏற்றியதையும் சேர்த்து. மேலதிகாரி ஒருவர் 'நான் கேட்டது சரியில்லை' என்று சொல்லி அவர்கள் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதோடு நிறுத்தாமல், கேட்காமலேயே உங்களுக்குத் தெரிந்த ஒரு குறையைத் தீர்த்துவையுங்கள். அடுத்த நாள் டியூட்டி சார்ட் மாலை 6 மணிக்குள் பலகையில் ஏறிவிட வேண்டும் என்று ரைட்டரிடம் சொல்லி, ஒரு மாதம் பிசகாமல் நடத்திக் காட்டுங்கள். வீட்டில் 'நாளைக்கு வர்றேன்' என்று சொல்லிவிட்டு வர முடிகிற ஆள், அடுத்த மாதம் தாளைக் கையில் வாங்கும்போது வேறு மாதிரி வாங்குவார். கருத்தாய்வு முடிந்ததும் பதினைந்து நாளுக்குள், வந்த முடிவில் உங்களால் செய்ய முடிந்தது எது, மேலே எழுதிக் கேட்டிருப்பது எது, முடியாதது எது என்று அவர்களிடமே வாசித்துக் காட்ட வேண்டும். அதைச் செய்ய இயலாது என்று இப்போதே தோன்றினால், கருத்தாய்வைத் தள்ளிவையுங்கள். டியூட்டி சார்ட்டை மட்டும் விடாதீர்கள்.

புதிய கேள்வித்தாளின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள். 15 கேள்விக்கு மேல் இருந்தால் எதை வெட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம். தை மாத பந்தோபஸ்து ஆரம்பிப்பதற்குள் அனுப்பிவிட்டால் நல்லது.